வெளிநாட்டில் ஏழைக் குழந்தைகளே கிடையாதா? - ஒரு நீண்ட இழை

1) போன வாரம் குயிலாப்பாளையம் டீக்கடையில் பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரம்மா, இந்த வெள்ளக்காரங்க ஊர்லலாம் ஏழப் புள்ளைங்களே இருக்காது இல்ல?"

2) அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கு. எங்க ஊர் ஆரோவில் போற ரோட்டில் இருக்கு. காலையில் டீக்கடை வாசலில் நின்றால் பிரெஞ்சுக் குழந்தை, ஜெர்மன் குழந்தை, நம்ம ஊர்க் குழந்தை எல்லாம் ஒரே ரோட்டில் சைக்கிளில் போகும். யார் எந்த நாடு என்று உயரத்தை வைத்தே ஆட்டோ அண்ணன் சொல்லிவிடுவார்.

3) "இருக்காங்கண்ணே, நிறையவே இருக்காங்க"ன்னு சொன்னேன். நம்பவில்லை. சிரித்துக்கொண்டே சவாரிக்குப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நடுவில் நான் செய்த ஒரு தப்பும் வரும். பொறுமையாகப் படிங்க.

4) முதலில் ஒரு குழந்தை. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மா தன் நாலு வயசுப் பெண்ணைக் கூட்டி வந்தார். எடை 12 கிலோ. உயரம் 92 செ.மீ. ஹீமோகுளோபின் 7.1.

5) நாலு வயசுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே இரத்தசோகை. நாலு வயசுப் பெண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 103 செ.மீ. இவள் 92. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. குடற்புழு மாத்திரை கொடுத்து, இரும்புச்சத்து டானிக் எழுதி, "காலையில வெறும் வயித்துல குடும்மா, அப்பதான் நல்லா உறிஞ்சும்" என்று சொல்லி அனுப்பினேன்.

6) ஒரு மாதம் கழித்து வந்தார். ஹீமோகுளோபின் 7.2. பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, மருந்தக்கூட ஒழுங்கா குடுக்க மாட்டியா? உன் புள்ள மேல உனக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன பண்றது?" வெளியே அத்தனை பேர் நிற்க, சத்தமாகவே கேட்டேன்.

7) அவர் எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "குடுத்தா வாந்தி எடுக்குது டாக்டரம்மா. வயித்துல ஒண்ணும் இருக்காது. நான் விடிய நாலு மணிக்கெல்லாம் பாத்திக்குப் போயிடுவேன். பெரியவதான் டானிக்க ஊத்தும். அப்புறம் டீயும் பொறையும் குடுக்கும்."

8) உப்பள வேலை தெரியாதவர்களுக்கு: வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. கீழே உப்பு, மேலே சூரியன், ரெண்டு பக்கமும் கண் கூசும். அதனால் இருட்டோடு போய் உப்பு வாரிவிட்டு, வெயில் உறைக்கும் முன்னே முடிக்கப் பார்ப்பார்கள். ஒரு தாய் வீட்டில் இல்லாத நேரம், சரியாகக் குழந்தை காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டிய நேரம்.

9) இப்போ புரியுதா? வெறும் வயிற்றில் இரும்புச்சத்து வயிற்றைப் புரட்டும். வாந்தி வரும். அதன் பின் கொடுக்கும் டீ, மிச்சம் மீதி இரும்பையும் உறிஞ்ச விடாது. வாந்தி எடுக்கிறதே என்று மருந்தை நிறுத்தியவர் அந்தத் தாய். ஆனால் வாந்தி வர வைத்தது என் வாயிலிருந்து வந்த அறிவுரை. புத்தகத்தில் அது சரி. அந்த வீட்டில் அது தப்பு.

10) மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் திட்டுவது அவருக்குப் பழகிப்போன விஷயம் போல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

11) அடுத்த முறை மூத்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னேன். ஒன்பது வயது அக்கா, ஏழு வயது அண்ணன். அக்காவுக்கு ஹீமோகுளோபின் 11.8. அண்ணனுக்கு 11.6. இரண்டுமே அந்த வயதுக்குச் சரியான அளவு. ஒரே வீடு. ஒரே கூலி. ஒரே அடுப்பு. கடைக்குட்டிக்கு மட்டும் 7.2.

12) சின்னக் குழந்தைகளுக்கு வளர்ச்சி வேகம் அதிகம், அதனால் இரத்தசோகையும் அதிகம் வரும். அது ஒரு காரணம். ஒரு வீட்டை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வேறு இரண்டு வித்தியாசமும் அங்கே இருந்தது. ஆட்டோ அண்ணன் கேட்ட கேள்விக்கான விடை அந்த இரண்டில்தான் இருக்கு.

13) வித்தியாசம் ஒன்று: பெரியவர்கள் இருவரும் அரசுத் தொடக்கப் பள்ளி. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைக்கும். மதியம் சத்துணவு, முட்டை. காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. கடைக்குட்டி இன்னும் அங்கன்வாடி. அங்கே மதிய உணவு உண்டு. காலை எட்டு மணிக்கு அவளுக்கு டீயும் பொறையும்தான்.

14) வித்தியாசம் இரண்டு: அவள் மூன்றாவது குழந்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பொதுவாக முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. மூத்தவர்கள் வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்கு உதவி கிடைத்தது. மூன்றாவதுக்கு இல்லை. எட்டாவது மாதம் வரை உப்பு வாரப் போனார். குழந்தை 2.1 கிலோவில் பிறந்தது.

15) இதை மனசில் வைத்துக்கொண்டு இப்போ உலகத்துக்குப் போவோம்.

16) யுனிசெஃப் 2023 டிசம்பரில் 40 பணக்கார நாடுகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்த நாடுகளில் 6 கோடியே 90 லட்சம் குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள். அதாவது ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல். ஆட்டோ அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?

17) உடனே ஒரு சந்தேகம் வரும். "அவங்க வறுமையும் நம்ம வறுமையும் ஒண்ணா?" இல்லை. அளவுகோல் வேறு. அங்கே, அந்த நாட்டில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தில் 60 சதவீதம்கூட இல்லாத வீட்டுக் குழந்தையை ஏழை என்று எண்ணுகிறார்கள். சோறு இல்லாத வறுமை மட்டும் அல்ல. கூடப் படிக்கிற பிள்ளை போகிற சுற்றுலாவுக்குப் போக முடியாத வறுமையும் அதில் சேரும்.

18) லேப் ரிப்போர்ட் மாதிரிதான். எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்காமல் ரெண்டு எண்ணை ஒப்பிடக் கூடாது. ஆனால் ஒரே அளவுகோலில் பல நாடுகளை அளந்தால் ஒப்பிடலாம். அப்படி அளந்தால் ஸ்லோவேனியாவில் பத்தில் ஒரு குழந்தை ஏழை. அமெரிக்காவில் நான்கில் ஒன்றுக்கும் மேல். தலைக்கு வருமானம் அமெரிக்காவில்தான் எவ்வளவோ அதிகம்.

19) ஆக, "பணக்கார நாடு, அதனால் வறுமை கம்மி" என்ற கணக்கு பாதிதான் சரி. நாட்டில் எவ்வளவு பணம் என்பது ஒரு கேள்வி. அந்தப் பணம் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் எந்த வழியில், எந்த வயதில் போய்ச் சேருகிறது என்பது வேறு கேள்வி.

20) யோசிச்சுப் பாருங்க. குழந்தை பிறந்தால் எந்த நாட்டிலும் வீட்டில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும். செலவு கூடும். அம்மா வேலைக்குப் போக முடியாததால் வரவு குறையும். நார்வேயில் ஆபீஸ் போகிற பெண்ணுக்கும் மரக்காணத்தில் உப்பு வாருகிற பெண்ணுக்கும் இது ஒன்றே. முதலாளி யாரும் "உனக்குப் பிள்ளை பிறந்திருக்கு, இந்தா கூலி சேர்த்து வாங்கிக்கோ" என்று தர மாட்டார்.

21) அந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு, குழந்தைக்கு மாதாமாதம் உதவித்தொகை, கட்டுப்படியாகும் குழந்தைக் காப்பகம். இவை உள்ள நாட்டில் குழந்தை வறுமை குறைவு. "உன் பிள்ளை, உன் பாடு" என்கிற நாட்டில் அதிகம்.

22) இது வெறும் கருத்து இல்லையா, நிரூபணம் இருக்கா என்று கேட்பீர்கள். இருக்கு. 2021இல் அமெரிக்கா கொரோனா நிவாரணத்தின் பகுதியாகக் குழந்தைகளுக்கான வரிச் சலுகையைப் பெரிதாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர். அதில் பாதியை ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டார்கள். வருமானமே இல்லாத வீட்டுக்கும் சேர்த்து.

23) அந்த நாட்டின் கணக்கெடுப்புத் துறை, அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் தன் சொந்த அளவுகோலில் சொன்னது: குழந்தை வறுமை 2020இல் 9.7 சதவீதம். 2021இல் 5.2. திட்டத்தை நீட்டிக்காமல் விட்டார்கள். 2022இல் 12.4.

24) ஒரே நாடு. அதே அம்மாக்கள், அதே அப்பாக்கள். 2021இல் எல்லாரும் திடீரென்று பொறுப்பானவர்களாகி, 2022இல் மறுபடி சோம்பேறி ஆகிவிட்டார்களா? என் பார்வையில் இது மருந்து கொடுத்து, நிறுத்திப் பார்த்த மாதிரி. கொடுத்தபோது காய்ச்சல் இறங்கியது. நிறுத்தியதும் ஏறியது.

25) இன்னும் ரெண்டு நாடு. போலந்து 2016இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்லோட்டி (அவர்கள் நாணயம்). 2019இல் முதல் குழந்தைக்கும் சேர்த்து எல்லாருக்கும் ஆக்கினார்கள். பிறப்பு விகிதம் கூட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அது பெரிதாக நடக்கவில்லை. ஆனால் குழந்தை வறுமை அந்தப் பத்தாண்டில் சுமார் 38 சதவீதம் குறைந்தது.

26) பிரிட்டன் நேர் எதிர். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கு அந்த உதவி கிடையாது என்று விதி போட்டார்கள். அதே யுனிசெஃப் அறிக்கையில், அதே காலத்தில், குழந்தை வறுமை சுமார் 20 சதவீதம் கூடிய நாடு பிரிட்டன். இந்த ஒரு விதி மட்டும் காரணம் இல்லை. மற்ற உதவிகளையும் வெட்டினார்கள். ஆனால் பெரிய குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன.

27) மூன்றாவது குழந்தை! இதைப் படித்தபோது என் கண் முன்னே வந்தது லண்டன் இல்லை. 2.1 கிலோவில் பிறந்த அந்த மரக்காணத்துப் பாப்பாதான்.

28) "மூணு பெத்துக்கச் சொன்னது யாரு?" என்று கமெண்டில் கேட்பீர்கள். தெரியும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் (2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு). மூன்றாவது பெற்றுக்கொள்வோர் குறைவு. யாருக்கும் ஊக்கம் தேவையில்லை, தடையும் தேவையில்லை. பெற்றோரைத் தண்டிக்கிறோம் என்று நினைத்துப் போட்ட விதியின் தண்டனையை அனுபவிப்பது குழந்தையின் எலும்பும் இரத்தமும்.

29) இப்போ நம்ம நாட்டுக்குள்ளேயே பார்ப்போம். 2019-21 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்: பீகார் 42.9 சதவீதம். குஜராத் 39. இந்தியா மொத்தம் 35.5. தமிழ்நாடு 25. கேரளா 23.4. தலைக்கு வருமானத்தில் குஜராத்துக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைகளின் உயரத்தில் இருக்கு.

30) உப்பையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் உப்பில் பெரும்பகுதி குஜராத்திலிருந்துதான் வருகிறது. அங்கே கட்ச் சின்ன ரண் பாலைவனத்தில் அகரியா மக்கள் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு போய், கோடை வரை கூடாரம் போட்டு உப்பு விளைவிக்கிறார்கள். குழந்தைகளும் கூடவே. பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாம் எங்கேயோ தூரத்தில்.

31) மரக்காணத்தில் அம்மா வேலை முடித்து வீட்டுக்கு வருகிறார். நடக்கிற தூரத்தில் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம். கூலி இங்கேயும் பெரிதாக இல்லை. கூலிக்கு வெளியே கிடைக்கிற இந்த நாலும்தான் வித்தியாசம்.

32) இது தானாக வந்ததில்லை. 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு. 1956இல் காமராஜர். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989இல் கலைஞர் போட்ட முட்டை. 2022 செப்டம்பர் 15இல் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோதும், அரிசியை எல்லா அட்டைக்கும் என்றே தமிழ்நாடு வைத்துக்கொண்டது. யார் ஆட்சி என்று சண்டை போட வேண்டாம். ஒருவர் போட்ட இலையை அடுத்தவர் எடுக்கவில்லை. அதுதான் முக்கியம்.

33) "எல்லாருக்கும்" என்ற சொல்லை மருத்துவராக நான் மதிக்கிறேன். உண்மையான ஏழையை மட்டும் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் என்றால் சான்றிதழ் வேணும், கையெழுத்து வேணும், நாலு நாள் கூலியை விட்டு அலையணும். அலைய முடியாதவர்தான் உண்மையான ஏழை. சத்துணவு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

34) பெருமைப்பட்டு நிறுத்திவிட முடியாது. அதே கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை, தமிழ்நாட்டில் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆகக் கூடியிருக்கிறது. பாதிக்கு மேல்! நம்மைவிட ஏழையான வங்காளதேசம் 2022 கணக்கில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளை 24 சதவீதத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. நமக்குச் சமம்.

35) சராசரிக்குள் ஒளிந்திருப்பதையும் பார்க்கணும். இலங்கையில் 2016இல் இதே அளவு சுமார் 17 சதவீதம். நம்மைவிட எவ்வளவோ மேல். ஆனால் மலையகத் தோட்டங்களில், நம் உறவுகள் கொழுந்து பறிக்கும் இடத்தில், சுமார் 32. ஒரே நாடு, ஒரே கொடி. தமிழ்நாட்டின் 25க்குள்ளும் இப்படி ஒரு உப்பளம், ஒரு செங்கல் சூளை ஒளிந்திருக்கும்.

36) சரி, பாப்பாவுக்கு வருவோம். டானிக்கை அங்கன்வாடிக்கு மாற்றினோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் டீச்சரே ஊற்றுகிறார். வயிற்றில் சோறு இருக்கும்போது இரும்பு கொஞ்சம் குறைவாகத்தான் உறிஞ்சும். ஆனால் உள்ளே இருக்கும் மருந்து, வாந்தியில் போன மருந்தைவிட மேல். காலையில் டீக்குப் பதில் சத்துமாவுக் கஞ்சி, அக்கா கரைத்துக் கொடுக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை செய்ய வேண்டிய வேலை இல்லை. ஆனால் வேறு ஆள் இல்லை.

37) இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 9.9. இன்னும் போகணும். ஆனால் உயரம்? வயிற்றில் இருந்த நாளிலிருந்து ரெண்டு வயது வரை, முதல் ஆயிரம் நாள் என்போம். அப்போது இழந்த சென்டிமீட்டரை முழுசாகத் திருப்பித் தரும் மருந்து என்னிடம் இல்லை.

38) இப்போ அடுத்த கவலை. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியில் தண்ணி நிற்கும். தை, மாசி வரை வேலை கிடையாது. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல விஷயம். மூன்று மாதத்துக்கு அது போதுமா என்று நீங்களே வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீதிக்கு முன்பணம்தான். அந்தக் கடன் அடுத்த சீசன் கூலியில் கழியும்.

39) எனவே என் கேட்பு இரண்டுதான். காலை உணவை அங்கன்வாடிக்கும் கொண்டு வாங்க. மகப்பேறு உதவியில் மூன்றாவது குழந்தையை ஒதுக்காதீங்க. பள்ளியில் உலை ஏற்கெனவே கொதிக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு பாத்திரம் கூடுதலாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

40) இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து எழுதும் முன் "காலையில பாப்பா என்ன சாப்பிடுச்சு, யார் குடுத்தாங்க?" என்று கேளுங்கள். பத்து விநாடி ஆகும். நான் கேட்காததால் அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் வீண். அம்மாவுக்கு ஊர் முன்னே அவமானம்.

41) பெற்றோருக்கு: இரும்புச்சத்து டானிக் குடித்து வாந்தி வந்தால் நிறுத்தாதீங்க. சாப்பாட்டுக்குப் பின் கொடுத்துப் பாருங்க, டாக்டரிடம் சொல்லுங்க. டானிக்கோடு டீ, காபி, பால் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சின்னக் குழந்தைக்கு டீயே வேண்டாம்.

42) ஆட்டோ அண்ணே, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். வெள்ளக்காரங்க ஊர்லயும் ஏழப் புள்ளைங்க இருக்காங்க. எத்தன பேர்னு அந்த ஊர் எவ்ளோ சம்பாதிக்குதுங்கறது மட்டும் முடிவு பண்றது இல்ல. அம்மா வேலைக்குப் போன நேரத்துல புள்ளைக்கு யார் சோறு போடறதுன்னு அந்த ஊர் என்ன முடிவு பண்ணுச்சோ, அதுவும் சேர்ந்துதான்.

நாளைக்கு டீக்கடையில் பார்ப்போம். டீ என் கணக்கு.